மிஷின் புதுசு... நிர்வாகம் பழசு! ஆரணி அரிசி ஆலைகளில் காசு ஒழுகுவது எங்கே?

திருவண்ணாமலை:

2022 ஜூலை 18-ந் தேதி 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு மத்திய அரசு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டது. அரிசி ஆலைக்காரர்கள் அசரவில்லை. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து இறங்கியது. ஒரு கிலோ கூட்டினார்கள், வரி போயே போச்சு. சட்டத்துக்கு உட்பட்ட வேலைதான், தப்பு சொல்ல முடியாது.

இவ்வளவு சுறுசுறுப்பான மூளை, ஆலைக்குள்ளே மட்டும் ஏன் வேலை செய்வதில்லை என்பதுதான் கேள்வி.

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு கோவில், கிரிவலம், தீபம். ஆனால் இதே மாவட்டத்தில் ஆரணி, களம்பூர் பக்கம் போனால் பட்டுத் தறியும் அரிசி ஆலை புகைபோக்கியும்தான் ஊருக்கே சோறு. களம்பூர் அரிசி என்று பேர் சொன்னாலே சென்னை மளிகைக் கடையில் தனி மரியாதை. அந்தப் பேரை நம்பி லோடுமேன், கொதிகலன் ஆள், ஆபரேட்டர், மூட்டை தைக்கிறவர், லாரி டிரைவர் என்று எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது.

கரண்டு கட்டணம் ஏறுது, ஆள் கிடைக்கல, நெல் விலை கட்டுப்படியாகல என்று ஆலை அதிபர்கள் புலம்புகிறார்கள். புலம்பலில் உண்மை இருக்கு. தமிழகத்தில் 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்த்தப்பட்டது, அதற்குப் பிறகும் ஏறியது. நிலைக்கட்டணம், உச்சநேரக் கட்டணத்தை எதிர்த்து 2023 செப்டம்பர் 25-ந் தேதி சிறு, குறு தொழில் நிறுவனங்கள் மாநிலம் முழுக்க கதவடைப்பே நடத்தின. 2023 ஆகஸ்டில் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி வந்து, 2024 அக்டோபரில்தான் முழுசா நீங்கியது.

இதெல்லாம் வெளியிலிருந்து விழுகிற அடி. உள்ளே ஒழுகுகிற ஓட்டை வேற.

100 கிலோ நெல்... 68 கிலோ அரிசி

அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கிற ஆலைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 100 கிலோ நெல்லுக்கு புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ அரிசி தரணும். மீதியில் சுமார் 20 கிலோ உமி, அது போக தவிடும் கழிவும். இந்த 68 கிலோவில் எவ்வளவு முழு அரிசி, எவ்வளவு நொய் என்பதில்தான் ஆலையின் லாபமே இருக்கு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தினமும் 40 டன் நெல் அரைக்கிற ஆலையில் 27 டன் அரிசி வரும். அதில் 100 கிலோவுக்கு 2 கிலோ கூடுதலா நொய்யாகப் போனால் ஒரு நாளைக்கு 540 கிலோ. முழு அரிசிக்கும் நொய்க்கும் கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நஷ்டம் 8 ஆயிரத்து 100 ரூபாய். மாசம் 25 நாள் ஓடினால் 2 லட்சத்து 2 ஆயிரத்து 500. மாசம் 20 ஆயிரம் வீதம் 10 பேருக்கு சம்பளம் கொடுக்கிற காசு, சத்தமில்லாமல் நொய் மூட்டையில் போய்ச் சேருது.

அரிசி ஏன் உடையுது? மிஷின் சரியில்லை என்பார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி புது பாலிஷர், புது சார்டெக்ஸ் போடுவார்கள். சார்டெக்ஸ் கருப்பு அரிசியைப் பொறுக்கும், கல்லைப் பொறுக்கும். உடைந்த அரிசியை ஒட்டவைக்காது.

பெரும்பாலான உடைசலுக்கு விதை விழுவது அதற்கு ரொம்ப முன்னாடியே. உலர்த்துகிற இடத்தில்.

அவித்த நெல்லை சுமார் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டு வந்துதான் அரைக்கணும். ஒரே மூச்சாக சூடு கொடுத்துக் காயவைத்தால் அரிசிக்குள் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். வெளியே உமி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷரில் போகும்போது பொலபொலவென்று உடையும். பாதிக்கு மேல் காய்ந்ததும் நிறுத்தி, சில மணி நேரம் ஆறப்போட்டு, உள் ஈரம் வெளியே வந்த பிறகு மறுபடி காயவைத்தால் உடைசல் குறையும் என்பது புது கண்டுபிடிப்பு இல்லை. தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காகவே ஒரு மையம் இருந்து, இன்று நிப்டம் என்ற பேரில் தேசிய நிறுவனமா வளர்ந்து நிற்குது. இதெல்லாம் அங்கே பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற பால பாடம்.

அந்தக் காலத்தில் களத்தில் நெல் துழாவிய பெண்களுக்கு மீட்டர் கிடையாது. ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, இன்னும் ஒரு வெயில் வேணும் என்று சொல்வார்கள். களம் போய் டிரையர் வந்தது. மழைக்குப் பயம் இல்லை, அது நல்லதுதான். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது திறந்த களத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டிரையர் வந்ததும் அந்தப் பெண்களுக்கு வேலை போச்சு. அவர்களோடு அந்தக் கைப்பக்குவமும் வெளியே போச்சு. அந்த இடத்தில் மணிக்கு ஒரு தடவை ஈரம் பார்த்து எழுதுகிற ஒரு நோட்டு வந்திருக்கணும். பல ஆலைகளில் அது வரவே இல்லை.

ரோல் மாற்ற யாரைக் கேட்கணும்?

உமியை உரிப்பது ரப்பர் ரோல் ஷெல்லர். இரண்டு ரோல், இரண்டு வேகம். வேகமாகச் சுற்றுகிற ரோல் சீக்கிரம் தேயும். அதனால் அப்பப்போ இரண்டையும் இடம் மாற்றிப் போடணும், இடைவெளியை சரி பண்ணணும். அழுத்தினால் அரிசி உடையும், தளர்த்தினால் நெல் உரியாமல் திரும்பி வரும். திரும்பி வந்த நெல் மறுபடி சுற்றும். கரண்டு இரண்டு தடவை செலவு.

இது ஷெல்லர் பக்கத்தில் நிற்கிற ஆபரேட்டருக்கு சத்தத்திலேயே தெரியும். ஆனால் புது ரோல் எடுக்க அவரால் முடியாது. ஸ்டோர் சாவி முதலாளியிடம். முதலாளி எடை மேடையில் இருப்பார், இல்லையென்றால் நெல் வாங்க வெளியூர் போயிருப்பார். போன் போட்டால், சாயங்காலம் வரைக்கும் ஓட்டு, வந்து பாக்கறேன் என்று பதில். சில ஆயிரம் ரூபாய் சாமானை மிச்சம் பிடித்து, அதைவிட அதிகமான அரிசியை உடைத்துத் தள்ளுவது இப்படித்தான்.

எலிவேட்டர் பெல்ட் கதையும் இதேதான். ஒரு பேரிங் கத்த ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்துத்தான் உடையும். உடைகிற நேரம் பார்த்தால் நெல் வரத்து உச்சத்தில் இருக்கும் நேரமாக இருக்கும். வெல்டிங் ஆளைத் தேடி ஆரணிக்கு பைக் பறக்கும். அதற்குள் ஊறல் தொட்டியில் இருக்கிற நெல் நேரம் தாண்டி ஊறி, நாற்றம் பிடிக்கும். சுடுதண்ணியில் 3, 4 மணி நேரத்தில் முடிகிற ஊறலை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துக் கொடுத்ததே, பச்சைத்தண்ணியில் 2, 3 நாள் ஊறவைத்து நாறடிக்கிற பழைய முறையை ஒழிக்கத்தான். பேரிங் ஒன்று நின்றால் பழையபடி அதே நாற்றம்.

இன்னொன்று. நெல் வராமல் காத்திருக்கும் நேரத்தில் மோட்டார்கள் வெறுமனே சுற்றும். அணைத்தால் மறுபடி போடும்போது பிரச்சனை என்று விட்டுவிடுவார்கள். கட்டண உயர்வை எதிர்த்து கதவடைப்பு பண்ணின அதே ஆலையில் காலி மோட்டார் ஓடிக்கொண்டு இருக்கும்.

தீபத்துக்கு ஆள் வராது என்பது தெரியாதா?

கார்த்திகை தீபம் எந்தத் தேதி என்பது ஒரு வருஷம் முன்னாடியே காலண்டரில் வந்துடுது. பவுர்ணமியும் அப்படியே. அன்றைக்கு பஸ் எல்லாம் அண்ணாமலையார் கோவிலுக்கு, பாதி ஆள் லீவு. மிஷினை நிறுத்தி, கழற்றி, கிரீஸ் வைத்து, பெல்ட் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அதை விட்டுவிட்டு இருக்கிற 4 பேரை வைத்து இரண்டு ஷிப்டு ஓட்டி, மறுநாள் மிஷினும் படுத்து ஆளும் படுத்த கதை இந்தப் பக்கம் சகஜம்.

மும்பையில் நடந்த சோதனை

இந்த ஓட்டைகளை அடைக்க எவ்வளவு செலவாகும்? இதற்கு பதில் தேடி நம்ம நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கு. 2008-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று மும்பை பக்கத்து துணி ஆலைகளுக்குள் நுழைந்தது. 17 கம்பெனி, 28 ஆலை. எல்லாம் குடும்ப முதலாளிகள் நடத்துகிற நடுத்தர ஆலைகள். ஒரு பகுதி ஆலைகளுக்கு 5 மாசம் ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். மீதி ஆலைகளுக்கு ஒரு மாசம் குறை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

ஆலோசகர்கள் செய்தது ராக்கெட் வேலை இல்லை. தரையைக் கூட்டினார்கள். நூல் ஸ்டாக்கை எண்ணி எழுதினார்கள். துணியில் எந்த மாதிரி பழுது, எந்த மிஷினில், எந்த ஷிப்டில் என்று தினமும் குறித்தார்கள். தினசரி ஒரு கூட்டம் போட்டுப் பேசினார்கள். மிஷின் உடையும் முன் பராமரிப்பு நாள் குறித்தார்கள்.

முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் ஏறியது. பழுதுத் துணி குறைந்தது, தேங்கிக் கிடந்த ஸ்டாக் குறைந்தது.

இவ்வளவு லாபம் இருந்தும் முதலாளிகள் முன்னாடியே ஏன் செய்யல? அந்த ஆராய்ச்சியில் கிடைத்த விஷயம் நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும். நம்ம ஆலை நல்லாத்தான் ஓடுது என்ற நினைப்பு ஒன்று. வெளியாளை நம்பி அதிகாரம் கொடுக்கப் பயம் இன்னொன்று. கம்பெனி எவ்வளவு பெருசா வளரும் என்பதை பெரும்பாலும் தீர்மானித்ததே, முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதுதானாம்! சாவி பையன் கையில்தான் போகும், மேனேஜர் கையில் போகாது. (பொண்ணு கையில் கொடுத்தால் என்ன என்று அங்கேயும் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.)

பல வருஷம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்த பழக்கங்களில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தது. மேனேஜர் மாறினால் நோட்டும் மாயம். அப்படியும் அந்த ஆலைகள் மற்ற ஆலைகளைவிட மேலாகவே இருந்தன.

வெளிநாட்டுக்காரன் வந்துதான் சொல்லணும் என்பதும் இல்லை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-லேயே தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் வாங்கியது. அடியாழத்தில் பார்த்தால் அங்கேயும் இதே சமாச்சாரம்தான். மிஷின் பக்கத்தில் நிற்கிற ஆள் குறையைச் சொல்லணும், சொன்னதை மேலே இருக்கிறவன் கேட்கணும்.

செய்யாறுக்குப் போகுது கூட்டம்

இதே மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டில் தைவான் பெங் டே குழுமத்தின் லோட்டஸ் ஆலை நைக்கி ஷூ தயாரிக்குது. வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள். கிராமம் கிராமமாகப் போய் கம்பெனி பஸ் ஏற்றி வருது. அந்த மாதிரி லைன் ஆலைகளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எண்ணிக்கை உண்டு. நெருக்கடியும் உண்டு, சந்தேகமில்லை. ஆனாலும் மாசம் பிறந்தால் பேங்கில் சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ. இருக்கு. ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் அங்கேயோ, இல்லை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூருக்கோ போவதற்கு வேற காரணம் தேட வேண்டாம்.

அரிசி ஆலைகளில் அந்த இடத்துக்கு பீகார், ஒடிசா ஆட்கள் வந்துட்டாங்க. மிஷினில் எழுத்து இங்கிலீஷ். மேஸ்திரி பேசுவது தமிழ். ஓட்டுகிறவருக்கு இந்தி. ஒரு மீட்டரில் பச்சை, சிவப்பு பெயிண்ட் அடித்து இதுக்கு மேல முள் போனா நிறுத்து என்று காட்டினால் போதும், மொழியே வேண்டாம். ஒரு டப்பா பெயிண்ட் செலவு. பெல்ட்டுக்கு கம்பி வலை மூடியும் அப்படித்தான். கை போன பிறகு ஆஸ்பத்திரிக்கும் நஷ்டஈட்டுக்கும் அலைவதைவிட எவ்வளவோ மலிவு.

ஆலோசகர் வைக்க காசில்லை என்று சொல்லவும் முடியாது. 2023 மார்ச்சில் மத்திய அரசு லீன் என்ற பேரில் சிறு, குறு, நடுத்தர ஆலைகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தது. வீண் செலவைக் குறைக்கும் ஆலோசனைக்கு ஆகிற செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும் என்று அறிவிச்சாங்க. உதயம் பதிவு இருக்கணும், அவ்வளவுதான். விவரம் கேட்க மாவட்ட தொழில் மையம் திருவண்ணாமலையிலேயே இருக்கு. மானியக் கடனில் புது மிஷின் வாங்க அங்கே போகிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம்.

12 மணி நேரம்தான் வழியா?

உற்பத்தியைக் கூட்டணும் என்றதும் முதலாளி மனசில் முதலில் வருவது வேலை நேரத்தை நீட்டுவதுதான். 2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலை சட்டத் திருத்தம் தமிழக சட்டசபையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தன. மே தினத்தன்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்.

சட்டம் போச்சு, பழக்கம் போகல. பல ஆலைகளில் ஷிப்டு என்றாலே 12 மணி நேரம்தான். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொல்லுது, ஆனால் கைக்கு வருவது டீ காசும் பேட்டாவும். 10-வது மணி நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் நிற்கிற ஆள் ரோல் சத்தத்தை எப்படிக் கவனிப்பார்? ஈரம் எப்படி எழுதுவார்? நீட்டின 4 மணி நேரத்தில் ஓட்டின நெல்லில் எவ்வளவு நொய் ஆச்சு என்று ஷிப்டு வாரியாக எழுதிப் பார்த்தால் முதலாளிக்கே கணக்கு புரியும். யாரும் எழுதுவதில்லை, அதனால் தெரிவதில்லை.

அரிசி ஆலை என்றதும் இன்னொரு கறுப்புப் பக்கமும் ஞாபகம் வரும். முன்பணம் கொடுத்து இருளர் குடும்பங்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய கதைகள். செங்குன்றம் உள்பட வட மாவட்ட ஆலைகளில் இருந்து அதிகாரிகள் பல தடவை அந்தக் குடும்பங்களை மீட்டிருக்கிறார்கள். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த நாட்டில் இது. கடனுக்குக் கட்டிப்போட்ட ஆள், பேரிங் கத்துது என்று ஓடி வந்து சொல்ல மாட்டார். அவருக்கு அதில் என்ன வந்தது?

சம்பளத்துக்கு நிற்கிற ஆளிடமும் இதே கேள்வி இருக்கு. நொய்யைக் குறைத்துக் கொடுத்தால் ஆலைக்கு மாசம் லட்ச ரூபாய் மிச்சம், சரி. அதில் ஆபரேட்டருக்கு எவ்வளவு? மும்பைச் சோதனையில் ஆலோசகர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கங்களில், நல்லா வேலை பார்க்கிறவருக்கு ஊக்கத்தொகை கொடுப்பதும் ஒன்று. அதை விட்டுவிட்டு நோட்டை மட்டும் கையில் கொடுத்தால், நோட்டில் 14 சதவீதம் என்று தினமும் ஒரே எண்ணைத்தான் எழுதுவார்கள். மீட்டரைத் தொடாமலே!

2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் பல அம்சங்களை தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. ஆனால் ஒரு விஷயம் ஆலைத் தொழிலாளிக்கு நேரடியாக சம்பந்தப்பட்டது. வேலைக்கு வைக்கிற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கணும். மேஸ்திரி நோட்டில் மட்டும் பேர் இருக்கிற பீகார்க்காரருக்கும், 15 வருஷமாக அதே கொதிகலன் முன்னாடி நிற்கிற களம்பூர்க்காரருக்கும் அந்தக் கடிதம் வரணும். சம்பளம் எவ்வளவு, என்ன வேலை என்று முதலாளியே எழுதிக் கையெழுத்துப் போடுகிற முதல் தாள் பல பேருக்கு அதுவாகத்தான் இருக்கும்.